இட்லிப் பானையில் வெந்த செங்கல்

செஞ்சி,
ஐப்பசி, மழை விட்டிருக்கும் ஒரு காலை.

அன்புள்ள பார்த்திபனுக்கு மங்கை எழுதுவது.

ஆமாம், இட்லிப் பானையில்தான் அவித்தேன். பெரிய பானையில். தீபாவளிக்கும் விருந்தாளிகளுக்கும் மட்டும் பரணிலிருந்து இறங்குமே, அதில். முழுச் செங்கல். தட்டு வைத்து, துணி போடாமல்.

உன் அம்மா போனில் சொன்ன எல்லாமே உண்மை. எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசி வரி வரை அதைத் தேடிக்கொண்டே படிப்பாய்.

போனில் சொல்ல ஆரம்பித்தேன். "மொதல்ல நைனாகிட்ட மன்னிப்பு கேளு, மத்தத அப்பறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாய். திரும்ப அடித்தால் தோஹாவில் உன் அறையில் இருக்கும் மலையாளி எடுத்து, நீ குளிப்பதாகச் சொல்கிறார். எப்போது அடித்தாலும் குளிக்கிறாய். அதனால்தான் காகிதம். இதை நடுவில் துண்டிக்க முடியாது.

நீ என்றுதான் எழுதுவேன். வாங்க, போங்க எல்லாம் வீட்டுக் கூடத்துக்கு. நாம் கல்லூரி பஸ்ஸில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்.

இனி வீட்டு நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கோபம் வந்ததிலிருந்து வேகமாக நடக்கிறார். கடலை பிடுங்கியாயிற்று. காய வைக்க வெயில் இல்லாமல் கூடம் முழுக்கப் பரப்பிக் கிடக்கிறது, அதன் மேல்தான் நடக்கிறோம். மாமா, உன் நைனா, செங்கல் சூளைக்குப் போவதில்லை. மழையில் நனைந்த சூளையில் அவருக்கு வேலையும் இல்லை. நான் உன் வீட்டில்தான் இருக்கிறேன். போ என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் போவதாக இல்லை.

உனக்குத் தெரிந்தது பாதிக் கதை. முழுதும் எழுதுகிறேன்.

கோடையில் ஆற்றுப் படுகையில் மண் எடுப்பது நின்றது. அது நல்லதுதான், சங்கராபரணியில் எடுப்பதற்கு இனி என்ன இருக்கிறது. அதே சமயம் மேற்கால் ஏரியைத் தூர் வாரினார்கள். மாமா வண்டலை நிலத்துக்கும் அடித்தார், சூளைக்கும் அடித்தார். நிலத்தில் கடலை பிடித்த பிடிப்பைப் பார்த்துவிட்டு, "மண்ணுன்னா இதான் மண்ணு, வெண்ண மாதிரி இருக்குது" என்றார். பயிருக்கு நல்லது கல்லுக்கும் நல்லது. அப்படித்தான் முடிவு செய்தார். யாரிடமும் கேட்கவில்லை. நான் அப்போது பாண்டிச்சேரி லேபில் இருந்தேன். போன் செய்து, "ஏரி மண்ணு வேணுமாம்மா, எக்ஸ்ரே எடுக்க?" என்றார். என் ஆய்வு ஆற்று மண்ணைப் பற்றியது மாமா, இப்போது வேண்டாம் என்றேன்.

மண்ணில் என்ன கனிமம் என்று எக்ஸ்ரேயில் பார்க்கும் என் படிப்பு உனக்கு எப்போதும் கொஞ்சம் விளையாட்டு. மண்ணுக்கு இன்னா எலும்பா முறிஞ்சிருக்குது எக்ஸ்ரே எடுக்க என்று சிரிப்பாய். இன்று ஒரு பக்கம் மட்டும் சிரிக்காமல் படி.

இரண்டு மண்ணும் ஒரே மலையின் பிள்ளைகள். ராஜகிரி நின்றபடியே உதிர்ந்துகொண்டிருக்கிறது. பாறைக்குள் இருக்கும் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் மழையில் ஊறி ஊறி, மாவாகி, களிமண் ஆகிறது. அதில் ஒரு பங்கு ஆற்றோடு போய் வளைவுகளில் படிந்தது. அதில் கயோலினைட் என்ற களிக் கனிமம் அதிகம், கூடவே இல்லைட் என்ற இன்னொன்று, பொடி மணல், மினுக்கும் அப்பிரகம். அடக்கமான மண். காய்ந்தால் சிறிதுதான் சுருங்கும். சுட்டால் அதிலுள்ள இரும்பு செம்பருத்திச் சிவப்பாகும்.

இன்னொரு பங்கு ஏரியில் போய்த் தங்கிவிட்டது. தேங்கிய தண்ணீரும் தேங்கிய உப்பும் வேறு ஒரு கனிமத்தைச் செய்கின்றன. மாண்ட்மோரில்லோனைட். மெல்லிய ஏடுகளாக இருக்கும், ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் போய் உட்காரும். நனைந்தால் வீங்கும். காய்ந்தால் பிளக்கும். கோடையில் ஏரிக்குள் நடந்தால் கால் மாட்டும் வெடிப்பு இருக்குமே, அது இதன் வேலை. லேபில் இந்த மண்ணுக்குக் கிளைக்கால் என்ற திரவத்தின் ஆவியைக் காட்டினால் எக்ஸ்ரே வரைபடத்தில் அதன் உச்சி இடம் நகரும். ஏடுகள் ஆவியைக் குடித்து விலகுகின்றன. கயோலினைட்டின் உச்சி நகராது. இருந்த இடத்தில் இருக்கும்.

இதுவரைகூடப் பரவாயில்லை. மணல் கலந்தால் ஏரி மண்ணும் அடங்கும்.

சுக்கான் அடங்காது.

சுக்கான் கல் தெரியும்தானே. ஏரி மண்ணில் பட்டாணி அளவில், கடலைப் பருப்பு அளவில், வெள்ளையாகக் கிடக்கும் சுண்ணாம்புக் கட்டிகள். சுடுவதற்கு முன் பச்சைக்கல் அறுக்கும்போது அவையும் உள்ளே போய்விடுகின்றன. சூளையில் வெந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடுகின்றன. நம் சூளையின் ஓரங்களில் சூடு பத்தாது. நடுவில் இருக்கும் அளவு சூடு எங்கும் இருந்தால் சுண்ணாம்பு களிமண்ணோடு உருகிக் கலந்து தொலைந்திருக்கும். பத்தாத சூட்டில் அது தனியாகவே உட்கார்ந்திருக்கிறது. கல் இறங்கும்போது ஒன்றும் தெரியாது. தட்டினால் வெண்கலச் சத்தம்கூட வரும். நிறம் மட்டும் சற்று வெளுத்திருக்கும். பிறகு தண்ணீர் படுகிறது. சுண்ணாம்பு தண்ணீரைக் குடித்துப் பருக்கிறது. உள்ளே இடம் இல்லை. மேல் ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது.

தொண்டூர் போகும் வழியில் காலனிப் பிள்ளைகளுக்குப் பால்வாடி கட்டுகிறார்கள். கல் நம் சூளையுடையது. எல்லாம் ஏரி மண் கல். கான்ட்ராக்டர் எழிலரசன். சுவர் எடுக்கும் கொத்தனார் கௌஸ் பாஷா பாய். பாய் முறைப்படி கல்லைத் தொட்டியில் நனைத்துத்தான் கட்டினார். அந்த நனைப்பில்தான் உள்ளே இருந்தது விழித்தது. ஜன்னல் மட்டம் தாண்டும்போது மழை. மழை விட்டதும் பார்த்தால் சுவர் முழுக்க அம்மைத் தழும்பு. ஒவ்வொரு குழியின் நடுவிலும் வெள்ளைப் பொட்டு.

எழிலரசன் பாய் மேல் பழியைப் போட்டார். கலவையில் உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டாராம். பாய் அவரிடம், "நான் ஊத்துன தண்ணிய நானே குடிச்சேன் சார், எனக்கு வயிறு பொரியலையே" என்றாராம். கட்டட வேலையை மேற்பார்க்கும் இன்ஜினியர் அம்மா வேலையை நிறுத்திவிட்டு, சுவரில் வைத்த கல்லை லேபில் சோதித்து ரிசல்ட் கொண்டுவரச் சொன்னார். எழிலரசன் நேராக நம் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். "மருமகளே லேபுதானே மாமா, இதுக்குப் போயி இன்னா டென்ஷன்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நான் பாண்டிச்சேரி கிளம்பும்போது வாசலில் ஒரு கோணிப்பை. உள்ளே கழுவித் துடைத்த செங்கல். செம்பருத்திச் சிவப்பு.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஓலை மூடி வைத்திருக்கும் பழைய அடுக்கு அது. ஆற்று மண் கல்.

"மாமா, இது பால்வாடிக் கல்லு இல்லையே" என்றேன்.

"ரெண்டும் நம்ம சூளைக் கல்லுதானேம்மா."

இதை நீ புரிந்துகொள்ள வேண்டும், பார்த்தி. மாமா பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் அதைப் பொய் என்று நினைக்கவே இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நல்ல புடவையை எடுத்துக் கட்டு என்போமே, அப்படி. வீட்டில் இருக்கிற நல்லதை எடுத்து வெளியே வைத்தார், அவ்வளவுதான். அவர் முகத்தில் கள்ளம் இல்லை.

கல்யாணமான புதிதில் என்னை டி.வி.எஸ்.ஸில் வைத்து ஆற்றுக்குக் கூட்டிப்போனவர். படுகையில் பள்ளம் வெட்டி, மேல் மண், நடு மண், அடி மண் என்று பிரித்துத் தனித்தனியாகக் கட்டித் தந்தவர். என் ஆய்வேட்டின் முதல் படத்தில் பள்ளத்துக்குள் தெரியும் தலைப்பாகை அவருடையது. அவரிடம்தான் முடியாது என்றேன்.

"மாமா, நான் இத எடுத்துட்டுப் போவ மாட்டேன்."

"ஏன்?"

"அந்தச் செவுத்துக் கல்லு தண்ணி பட்டா ஒடையும்."

"ஒடையுதா. எங்க, ஒட பாக்கலாம்."

இதுதான் நடந்தது. அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் பையை வாசலிலேயே விட்டுவிட்டு, பால்வாடிக்குப் போன அதே லோடில் மிஞ்சி, தோட்டத்துக் கூரைக்கடியில் நனையாமல் கிடந்த ஒரு கல்லை எடுத்து வந்தேன். மழையில் பல வாரங்களில் ஆவதை நீராவியில் ஒரு பொழுதில் பார்த்துவிடலாம். லேபில் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. நம் வீட்டில் பானை இருந்தது.

மாமா கூடத்தில் கடலைக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டிருந்தேன். அத்தை அரிசிப் பையோடு உள்ளே வந்து மூக்கைச் சுருக்கினார்.

"இன்னாடி இது, அடுப்படியில மண்ணு வாசன?"

"கல்லு வேவுது அத்த."

அத்தை பையைக் கீழே வைத்தார். மூடியைத் திறந்தார். அவர் கையாலேயே திறந்தார், இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். ஆவி போனதும் மூன்று தலைகளும் பானைக்குள் குனிந்தன. ஒரு மூலை முழுதாகக் கழன்று தட்டில் விழுந்திருந்தது. மீதிக் கல் சோளப் பொரி மாதிரி.

மாமா ஒரு வெள்ளைத் துணுக்கை எடுத்து விரலில் தேய்த்தார். நாக்கு நுனியில் வைத்தார். வெற்றிலை போடுகிற நாக்கு. என்னவென்று அதற்குத் தெரிந்துவிட்டது.

பிறகு சொன்னார். "சுண்ணாம்பு. சுண்ணாம்பு இருந்தா கல்லுக்குப் பலந்தானே? தோ நிக்குது பாரு கோட்ட. எத்தினி ராஜா வந்தான், எத்தினி பேரு பீரங்கி வெச்சான். இன்னிக்கும் நிக்குதா இல்லையா? எதுல கட்டுனான்? சுண்ணாம்புல. கோட்டைய நிக்க வெச்ச சுண்ணாம்பு பால்வாடிய இடிச்சிடுமா?"

வேறு எந்த ஊரிலும் இந்தக் கேள்வி வராது. இங்கே பிறந்து, தினமும் அந்த மதிலைப் பார்த்துக்கொண்டு பல் துலக்குகிறவருக்குத்தான் வரும்.

அப்புறம் சொன்னேன். கோட்டைக்குச் சுண்ணாம்பு வைத்தவர்கள் அதை முதலில் தொட்டியில் போட்டார்கள் மாமா. தண்ணீர் ஊற்றி, கொதிக்க விட்டு, அடங்க விட்டு, அரைத்து, அப்புறம்தான் கல்லுக்கு நடுவே வைத்தார்கள். அது தன் கோபத்தை வெளியே தீர்த்துவிட்டு உள்ளே போன சுண்ணாம்பு. நம்முடையது கோபத்தோடு உள்ளே போயிருக்கிறது.

மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அத்தை பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாழ வந்த வீட்டுப் பானைல கல்லு வேவ வெக்கிறவ எந்த ஊர்லயாவது உண்டாடி" என்று ஆரம்பித்தார். பிறகு உனக்குப் போன் செய்தார். அதிலிருந்து உன் பாதி.

பிறகு நீ அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "வேற கல்ல எடுத்துட்டுப் போனா நீ இன்னா கொறஞ்சிடுவ? நைனாக்கு ஊருல ஒரு பேரு இருக்குது மங்க. அத நீ கெடுக்காத."

தோஹாவில் நீ என்ன வேலை செய்கிறாய் பார்த்தி? ஊரில் கேட்டால் அத்தை 'சேப்டி' என்கிறார். உயரத்தில் கட்டும் சாரத்தைச் சுற்றி வந்து பார்த்து, ஏறலாம் என்றால் பச்சை அட்டை, கூடாது என்றால் சிவப்பு அட்டை கட்டுகிறவன் நீ. போன வருடம் ஒரு சாரத்துக்குப் பச்சை கட்டச் சொல்லி உன் மேனேஜர் நெருக்கினார். நீ கட்டவில்லை. வெளியே வெயிலில் நிறுத்தினார். அப்படியே நின்றுகொண்டு எனக்கு வீடியோவில் பேசினாய். முகம் கறுத்து, உதடு வெடித்து. அவ்வளவு அழகாக உன்னை நான் பார்த்ததில்லை.

அந்த மேனேஜர் இடத்தில் நைனா இருந்திருந்தால் பச்சை கட்டியிருப்பாயா?

பதில் எழுதாதே. உனக்குள் சொல்லிக்கொள்.

இனி எழுதுவது உனக்குப் புதிய செய்தி. அத்தையும் சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டு நாள் என்னோடு பேசாமல், என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் கோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏய், உள்ள சோறு இருக்குது, திங்கிறவங்க தின்னுட்டுப் படிக்கட்டும்" என்று கோழிக்குச் சொல்வார். நான் போய்ச் சாப்பிடுவேன். மூன்றாம் நாள் நான் குளித்துவிட்டு வந்தால் அடுப்பில் மறுபடி அதே பானை. மூடியைத் திறந்தேன். உள்ளே செங்கல்.

அத்தை பின்னாலேயே வந்து நின்றார். "தோ. கொட்டாய்க்குப் பின்னால இருந்து நான்தான் எடுத்தாந்தேன். காலையில இருந்து வேவுது. ஒரு பொட்டு ஒடஞ்சிருக்குதா பாரு. ஒடஞ்சிருக்குதா? எங்க கல்லுடி இது! அந்த மனுசன் சுட்ட கல்லு!"

நான் சிரித்துவிட்டேன். லேபில் ஒரு மாதிரியைச் சோதித்தால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றையும் அதே சூட்டில், அதே நேரம் வைக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை. அத்தை என்னைத் தோற்கடிப்பதற்காக அதைச் செய்துவிட்டார்.

"ஆமா அத்த. ஒடையல. இது ஆத்து மண்ணு. மாமா கை நல்ல கை. பாய் கலவையும் நல்ல கலவ. சூளையும் அதே சூளதான். மாறுனது மண்ணு மட்டுந்தான்."

அத்தை இடுக்கியால் கல்லைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கூடத்துப் பக்கம் திரும்பினார். "யோவ். மண்ண மாத்துனது நீதானய்யா. மருமவ மேல ஏன்யா பாயிற?"

உள்ளே கடலை உடைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

அன்று மதியம் பால்வாடிக்குப் போனேன். பாய் உளி எடுத்து, மேல் வரிசையில் ஒன்று, ஜன்னலுக்குக் கீழே ஒன்று, மூலையில் ஒன்று என்று பல இடங்களில் கல்லைக் கழற்றித் தந்தார். "தங்கச்சி, என் மேல வந்த பழிக்கு நானே செவுத்த ஒடைக்கிறேன் பாரு" என்று சிரித்தார். எழிலரசன் ஓடி வந்தார். "ஏம்மா, மேல ஒரு பூச்சு பூசிட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். பூச்சு என்பதே ஈரம் சார், சுவர் அதையும் குடிக்கும் என்றேன். "எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கறாங்கப்பா" என்று பாயிடம் சொன்னார். ஆமாம், வைத்திருக்கிறேன். அதற்குத்தான் படித்தேன்.

அங்கே ஒரு குழந்தை கட்டி முடிக்காத சுவரோரம் உட்கார்ந்திருந்தது. மண் தின்கிற வயது. உதிர்ந்த வெள்ளையை விரலால் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனது. அதன் அம்மா வந்து கையைத் தட்டிவிட்டாள். வாயிலேயே ஒரு தட்டு. சுவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் எந்த வீட்டு மருமகள் என்று அவளுக்குத் தெரியும். கல்லைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

லேபில் என் கையால் செய்யவில்லை. இந்த வீட்டின் மருமகள் செய்யக் கூடாது. வேறு ஒருவர் செய்தார். கல் அழுத்தம் தாங்கவில்லை. தன் எடையில் கால்வாசிக்கு மேல் தண்ணீர் குடித்தது. ஆவியில் பொரிந்தது. ரிசல்ட்டை நானே கொண்டுபோய் இன்ஜினியர் அம்மாவிடம் கொடுத்தேன். அடித்தளம் கருங்கல், அது இருக்கட்டும், அதற்கு மேல் உள்ள சுவர் முழுவதையும் இறக்கச் சொல்லிவிட்டார்.

இதைத்தான் நீ பயந்தாய். நடந்துவிட்டது. ஊரில் பேசுகிறார்கள். டீக்கடையில் மாமாவைப் பார்த்து ஒருவர், "இன்னா பச்சமுத்து, மருமவ உன்னையே எக்ஸ்ரே எடுத்துட்டாளாமே" என்றாராம். மாமா டீயை வைத்துவிட்டு வந்துவிட்டார். அது எனக்கு வலிக்காமல் இல்லை.

அன்று மாலை அவரிடம் போனேன். ஏரி மண்ணைத் தூக்கி எறிய வேண்டாம் மாமா என்றேன். காய வைத்து, இடித்து, சலித்து சுக்கானை எடுக்கலாம். எடுத்தும் மிஞ்சுகிற பொடியை இன்னும் நொறுக்கினால் அது கேடு செய்யாது. ஆற்று மணல் கிடைக்காது, கல்குவாரித் தூள் கலக்கலாம். மண்ணில் கொஞ்சம் உப்புச் சேர்த்தால் சுண்ணாம்பு அடங்கும். சூளை ஓரத்தில் கூடுதலாக விறகு வைத்துச் சூட்டை ஏற்றலாம். இறக்கிய சூட்டோடு கல்லைத் தொட்டியில் முழுக்கினால் மிச்சம் இருப்பதும் அங்கேயே தணியும். அடுத்த சூளைக்கு நான் கூட நிற்கிறேன்.

கேட்டுக்கொண்டிருந்தார். "உப்பா" என்றார். அவ்வளவுதான். ஆனால் எழுந்து போகவில்லை.

அப்போதுதான் இன்னொன்றையும் கேட்டேன். இது உன்னைத் தொடுகிற விஷயம். கவனமாகப் படி.

கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் ஆற்று மண் கல் எதற்கு என்று உனக்குத் தெரியும். மாடியில் நமக்கு ரூம் எடுக்க. நீ தோஹா போன வருடம் மாமா தனியாகச் சுட்டு, பொறுக்கி, ஓலை போட்டு மூடி வைத்தது. ஒவ்வொரு மழைக்கும் ஓலையை மாற்றுகிறார். அந்தக் கல்லைக் கேட்டேன். பால்வாடிக்கு.

"சாம்பிளுக்கு எடுத்துட்டுப் போன்னு சொன்னீங்களே மாமா, அந்தக் கல்லு. அதையே செவுத்துக்கும் குடுங்க. அப்ப நீங்க சொன்னது பொய் ஆவாது."

அத்தைதான் பேசினார், கோழி இல்லாமல், நேராக என்னிடம். "மாடி இன்னா மாடி. கட்டி வெச்சா மட்டும் அவன் வந்துடப் போறானா."

மாமா எழுந்தார். "உன் ரூமுக் கல்லு. உன் இஷ்டம்" என்றார். கோபத்தில்தான் சொன்னார். நான் அதில் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஆக, நம் மாடி இல்லை பார்த்தி. இந்த வருடம் இல்லை. அடுத்ததும் சந்தேகம். நீ வேண்டாம் என்று சொல்லலாம். சொல்வதற்குள் கல் போயிருக்கும். உன்னைக் கேட்டுச் செய்யவில்லை, செய்ததை மறைக்கவும் இல்லை. இதற்கு மேல் நேராக நடந்துகொள்ள எனக்குத் தெரியவில்லை.

நைனாவுக்கு நீ ஒரு போன் செய். என்னைப் பற்றிப் பேசாதே, என் பக்கமும் பேச வேண்டாம். ஆற்றில் மண் எடுத்த கதை ஏதாவது கேள். அந்தப் படுகையில் எந்த வளைவு நல்ல மண் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு, அதைச் சொல்லச் சொல். அவர் குரல் இந்த வீட்டில் கேட்டு நாளாகிறது.

நீ உயரத்தில் ஏறும்போது கீழே பார்க்காதே. உடம்பைப் பார்த்துக்கொள். குளித்தது போதும், போனை எடு.

நீ திரும்பி வரும்போது மாடி இருக்காது. நான் இருப்பேன். அது போதுமா என்று கேட்கவில்லை. வா.

உன் வீட்டிலிருந்து,
மங்கை

கவரை ஒட்டுவதற்கு முன்: கல் ஏற்றிப்போக டிராக்டர் சாவி கேட்டேன், மாமா தரவில்லை. பாயின் மச்சான் மினி லாரி கொண்டுவந்து கொட்டகையோரம் நிறுத்தினார். நான் ஓலையை விலக்கிவிட்டு, மேல் அடுக்கிலிருந்து கல்லை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.